கட்சியும் காட்சியும்

பழந்தமிழில் ‘கட்சி’ என்னும் சொல்லுக்குப் பறவைக்கூடு என்று ஒரு பொருள் உண்டு. புகலிடம் என்று ஒரு பொருள் உண்டு. போர்க்களம் என்றும் ஒரு பொருள் உண்டு. இன்று அரசியற் கூட்டத்தைக் குறிக்கும் அச்சொல்லின் வரலாற்றை எவ்வாறு ஆய்ந்தாலும், இம்மூன்று பொருளும் இன்றைய கட்சிக்கும் ஒருசேரப் பொருந்தி நிற்றல் காணத்தக்கது. மாந்தன் கட்சியுள் புகலிடம் தேடிப் புகுகின்றான். புகுந்தபின் அதுவே அவனுக்குப் போர்க்களமும் ஆகின்றது. கூட்டினுள் அமர்ந்த பறவைக்குக் கூட்டின் வாயில் அளவே வானம். கட்சியுள் அமர்ந்தவனுக்கும் உலக நிகழ்ச்சிகள் அவ்வாயிலின் அளவாகவே தோன்றத் தொடங்குகின்றன.

எது நன்று, எது தீது என்பதில் இருவர் மாறுபடுதல் இயல்பு. அம்மாறுபாட்டை ஒழுங்குபடுத்தி மக்கள் முன் வைப்பதற்காகவே கட்சிகள் உள்ளன. ஆனால் எது நிகழ்ந்தது, எது நிகழவில்லை என்பதிலும் கட்சிக்கொரு காட்சி தோன்றுமாயின், அங்கே அரசியல் நோய்ப்பட்டுவிட்டது. விலை ஏறிற்றா, இறங்கிற்றா? இம்மடலை எழுதியவன் இவனா, அவனா? இவை கொள்கை வினாக்கள் அல்ல. எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் விடை காணத்தக்க வினாக்கள். இவற்றிற்கும் விடை சொல்லுமுன் ஒருவன் தன் கொடியின் நிறத்தைப் பார்த்துக் கொள்கின்றான் எனின், அவன் கற்ற கல்வியால் விளைந்த பயன் யாது?

இந்நோயின் முழுவடிவையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்துக் காண விரும்புவார்க்குப் பிரஞ்சு நாட்டின் திரேபசு வழக்கைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறொன்று கிடைத்தல் அரிது. அவ்வழக்கின் அடியில் கிடந்த வினா மிகச் சிறியது: ஒரு தாளில் உள்ள எழுத்து யாருடைய கையெழுத்து? அதற்கு விடை காண நல்ல கண்ணும் நல்ல விளக்கும் போதும். ஆயினும் அவ்விடையை அந்நாட்டின் உயர் வழக்குமன்றம் உரைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒரு நாடே இரண்டாய்ப் பிளந்தது. குடும்பங்கள் பிரிந்தன; நட்புகள் முறிந்தன.

1894 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பாரிசு நகரத்துச் செருமானியத் தூதரகத்தின் குப்பையிலிருந்து கிழிந்த தாளொன்று பிரஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்தது. படைத்துறை மறைசெய்திகளைச் செருமானியர்க்குத் தருவதாகச் சொல்லும் பட்டியல் அது. எழுதியவன் பெயர் அதில் இல்லை. தலைமைப் படையலுவலகத்தில் பயிற்சி பெற்றுவந்த பீரங்கிப்படை அலுவலர் ஆல்பிரெடு திரேபசுவின் எழுத்து அதனை ஒத்திருப்பதாகச் சிலர்க்குத் தோன்றியது. அவர் யூதர், செருமனியுடன் இணைக்கப்பட்டுவிட்ட அல்சாசுப் பகுதியிற் பிறந்தவர். இவ்விரண்டும் ஐயத்திற்குப் போதிய கரணியங்களாகிவிட்டன. அக்டோபர் 15 ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார்.

எழுத்தாய்வு வல்லுநர் ஐவர் அத்தாளை ஆய்ந்தனர். மூவர் அது திரேபசுவின் எழுத்து என்றனர். இருவர் அன்று என்றனர். ஒரு மாந்தனின் வாழ்வையே பறிக்கும் வழக்கில் இவ்வளவு பிளவுபட்ட சான்று எவரையும் தயங்கவைத்தல் வேண்டும். ஆனால் அங்கு நிகழ்ந்த ஏரணத்தைக் காண்க. எழுத்து ஒத்திருக்கும் இடங்கள் அவர் குற்றவாளி என்பதற்குச் சான்றாயின. ஒவ்வாத இடங்கள், அவர் தம் எழுத்தைத் தாமே திரித்து எழுதினார் என்பதற்குச் சான்றாயின. காவல்துறை வல்லுநர் பெர்த்தியோன் இதற்கெனவே ஒரு நெடிய கோட்பாட்டைக் கட்டி எழுப்பினார். வீட்டைத் துருவியபோது ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே அவர் முன்னரே எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்ட திறமையர் என்று கொள்ளப்பட்டது. பிறமொழிகள் அறிந்திருந்ததும் நல்ல நினைவாற்றல் உடைமையுங்கூட அவர்க்கு எதிராகவே எண்ணப்பட்டன. உண்டு என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம் என்று முடியும் ஏரணத்தின் முன் சான்றுகளுக்கு வேலையே இல்லை. எதனாலும் பொய்ப்பிக்க இயலாத ஒரு முடிவு மெய்யென நாட்டப்பட்ட முடிவாகாது.

டிசம்பர்த் திங்களில் படைமன்றம் கதவடைத்துக் கூடிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவர்தம் வழக்குரைஞரும் அறியாவண்ணம் ஒரு மறைக்கோப்பு நடுவர்களின் கையிற் கொடுக்கப்பட்டது. ஒருமித்த குரலில் தீர்ப்பு வந்தது. 1895 சனவரி 5 ஆம் நாள் படைப்பள்ளியின் முற்றத்தில், மக்கள் திரண்டு பழித்துக் கூவ, திரேபசுவின் உடையிலிருந்த சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. பின்னர்த் தென்னமெரிக்கக் கரையோரத்துப் பேய்த்தீவில் தனிமைச் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். அங்கு நான்காண்டுகள் கழிந்தன.

1896 ஆம் ஆண்டு உளவுத்துறையின் தலைமையில் இருந்தவர் பிக்கார் என்னும் அலுவலர். அவர் யூதர்பால் நல்லெண்ணம் உடையவர் அல்லர். திரேபசு குற்றவாளியே என்று நம்பியிருந்தவர். வேறொரு செய்தியை ஆயும்போது எசுத்தராசி என்னும் படையலுவலரின் மடல்கள் அவர் கைக்கு வந்தன. அம்மடல்களின் எழுத்தையும் பழைய பட்டியலின் எழுத்தையும் அருகருகே வைத்து நோக்கினார். இரண்டும் ஒன்றே. அவருடைய விருப்பும் வெறுப்பும் ஒருபுறம் இழுத்தன. கண் கண்டது மறுபுறம் நின்றது. கண் கண்டதை அவர் மேலிடத்திற் கூறினார். மேலிடம் அவரைத் துனீசியாவிற்கு அனுப்பிவைத்தது. பின்னர்ச் சிறையிலும் அடைத்தது.

அவர் கண்டதை உலகம் அறிய ஈராண்டு ஆயிற்று. 1898 சனவரியில் எசுத்தராசி படைமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அதனைக் கண்டு பொறாது எமிலி சோலா என்னும் எழுத்தாளர் சனவரி 13 ஆம் நாள் ‘வைகறை’ எனப் பொருள்படும் பெயருடைய நாளிதழில் குடியரசுத் தலைவர்க்குத் திறந்த மடல் வரைந்தார். அதற்காக ஓராண்டுச் சிறைத் தீர்ப்பும் பெற்றார். அவ்வாண்டு சூலை 7 ஆம் நாள் படைத்துறை அமைச்சர் கவைஞாக், திரேபசுவின் பெயரையே குறிப்பிடும் மடலொன்றை நாடாளுமன்றத்திற் படித்துக் காட்டினார். அவை ஆர்ப்பரித்தது. அவ்வுரை ஊர்தோறும் சுவரில் ஒட்டப்பட்டது. அடுத்த திங்கள், ஆகச்டு 13 ஆம் நாள் இரவில், கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குயிஞே என்னும் அலுவலர் அம்மடலை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்தார். தாளின் நடுப்பகுதியில் உள்ள கோடுகளின் நிறம் வேறு. தலைப்பிலும் அடியிலும் உள்ள கோடுகளின் நிறம் வேறு. இரண்டு தாள்களை ஒட்டிச் செய்த பொய்மடல் அது. செய்தவர் உளவுத்துறையின் ஆன்றி என்னும் அலுவலர். அவர் குற்றத்தை ஒப்பினார்; மறுநாள் சிறையறையில் கழுத்தறுபட்டு இறந்துகிடந்தார். எசுத்தராசி இங்கிலாந்திற்கு ஓடிப்போனார்.

வழக்கு இத்துடன் முடிந்திருத்தல் வேண்டும். நாடாளுமன்றத்திலேயே படிக்கப்பட்ட பெருஞ்சான்று பொய் என்று, அதனைப் படித்த அமைச்சரின் அலுவலகமே கண்டுவிட்டது. அதனைச் செய்தவரே ஒப்பிவிட்டார். இதற்கு மேலும் ஒரு சான்று எந்த நாட்டில் எந்த வழக்கிற்குக் கிடைக்கும்? ஆனால் அமைச்சர் கவைஞாக், மடல் பொய். திரேபசு குற்றவாளி என்பது மெய் என்று கூறிப் பதவி விலகினார். பொய்யைத் தம் கண்ணாற் கண்டு வெளிப்படுத்திய குயிஞேயே திரேபசு குற்றவாளி என்னும் பக்கத்தில்தான் தொடர்ந்து நின்றார். சார்லசு மொராசு என்னும் எழுத்தாளர், நாட்டின் நலனுக்காகப் பொய்ச்சான்று செய்தவன் என்று ஆன்றியைப் புகழ்ந்து எழுதினார். ஆன்றியின் கைம்பெண்ணிற்காக யூதப்பகை இதழொன்று திரட்டிய நிதிக்கு ஏறத்தாழ 25,000 பேர் பணம் அனுப்பினர். 1,30,000 பிராங்கிற்கு மேல் சேர்ந்தது. சான்று உடைந்தபோது நம்பிக்கை உடையவில்லை. நம்பிக்கையை அச்சான்று தாங்கிக்கொண்டிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் வந்தது முடிவு. சான்று பின்னர் அதற்கு உடுத்திவிடப்பட்ட ஆடை. ஆடை கிழிந்தால் வேறோர் ஆடை.

1899 ஆம் ஆண்டு இரென் நகரில் மீண்டும் படைமன்றம் கூடி, ஐவர்க்கு இருவர் என்னும் கணக்கில் திரேபசுவை மீண்டும் குற்றவாளி என்றது. ஆயினும் குற்றத்தைக் குறைத்துக் காட்டும் சூழ்நிலைகள் உண்டு என்று சேர்த்துக்கொண்டது. நாட்டைக் காட்டிக்கொடுத்த இரண்டகத்திற்குக் குறைக்கும் சூழ்நிலை ஏது? மெய்யைச் சொல்லவும் துணிவின்றிப் பொய்யை முழுதாய்ச் சொல்லவும் துணிவின்றி நின்றவர்களின் தீர்ப்பு அது. குடியரசுத் தலைவர் அவரை மன்னித்து விடுவித்தார். குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு 1906 சூலை 12 ஆம் நாள்தான் வந்தது. பட்டியலைப் பெற்ற செருமானியப் படைத்தூதரின் நினைவுக்குறிப்புகள் 1930 இல் வெளிவந்து, அதனைத் தந்தவர் எசுத்தராசியே என்பதை மேலும் உறுதிப்படுத்தின. 2025 இலும் பிரஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை திரேபசுவிற்கு, அவர் இறந்து 90 ஆண்டுகளுக்குப் பின், உயர்ந்த படைப்பதவி வழங்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

இனி, பொய்யின் பக்கம் நின்றவர்கள் யாவரும் கல்லாதவரா? அல்லர். பிரஞ்சுக் கலைக்கழகத்தின் உறுப்பினர் பலர் அப்பக்கத்தில் நின்றனர். புருனத்தியே, இலமேத்ரு, கொப்பே, பாரெசு என அக்காலத்தின் பெயர்பெற்ற எழுத்தாளரும் திறனாய்வாளரும் அங்கிருந்தனர். ஒரு செய்யுளின் ஓரசை பிறழ்ந்தாலும் கண்டுபிடிக்கும் கூர்மதியினர் ஓர் ஏரணத்தின் முதுகெலும்பு முறிந்துகிடப்பதைக் காணவில்லை. அவர்களுடைய அறிவு உறங்கவில்லை, மிகுதியாகவே உழைத்தது. நடுவராக இருந்து உழைக்கவேண்டியது வழக்குரைஞராக இருந்து உழைத்தது என்பதே வேறுபாடு.

இஃது ஒரு பக்கத்தார்க்கே உரிய நோய் என்று கருதி மகிழ்வாரும் உளராதலின், மறுபக்கத்தையும் காட்டுதல் முறை. நிகரமைக் கொள்கையாளரின் தலைவர் சான் சோரெசு 1894 இல் வழக்கின் சான்றுகளை வினவவில்லை. எளிய படைமறவனுக்குச் சிறு குற்றத்திற்கும் சாவுத்தண்டம் தரும் படைத்துறை, செல்வர் வீட்டு அலுவலனுக்கு உயிர்ப்பிச்சை தந்துவிட்டதே என்றுதான் சினந்தார். அவருடைய கட்சிக்காட்சி அது. 1898 சனவரியில் நிகரமையர் ஓர் அறிக்கை விட்டனர்: இது முதலாளி வகுப்பின் இரு பிரிவினர்க்கிடையே நிகழும் சண்டை, உழைப்பாளர்க்கு இதில் வேலை இல்லை என்று. அறிவாராய்ச்சியின் நிறம் பூசிய ஒதுக்கம் அது. ஒருவன் செய்யாத குற்றத்திற்காகத் தீவுச்சிறையில் வாடுகின்றானா இல்லையா என்னும் வினாவிற்கு அவன் எவ்வகுப்பினன் என்பது விடையாகாது. அவ்வறிக்கையில் ஒப்பமிட்ட சோரெசு சின்னாளில் அதனை உணர்ந்தார். சான்றுகளை ஒவ்வொன்றாய் எடுத்து ஆய்ந்து அவ்வாண்டிறுதிக்குள் ‘சான்றுகள்’ என்னும் தொடர்க் கட்டுரைகளை எழுதினார். அவர் பெருமை அங்கே இருக்கின்றது.

ஆனால் கதை அங்கும் முடியவில்லை. திரேபசுவின் பக்கத்தார் ஆட்சியைப் பிடித்தனர். 1904 அக்டோபரில் ஒரு செய்தி வெளிப்பட்டது. படைத்துறை அமைச்சர் ஆந்திரேயின் அலுவலகம் படையலுவலர் ஒவ்வொருவரும் கோயிலுக்குப் போகின்றாரா, பிள்ளைகளைச் சமயப் பள்ளியிற் சேர்த்துள்ளாரா என்று மேசனியர் என்னும் மறைகழகத்தார் வாயிலாக உளவறிந்து, அக்குறிப்பட்டைகளைக் கொண்டு பதவி உயர்வைத் தீர்மானித்து வந்தது. மறைக்கோப்பினால் ஒருவர் வாழ்வு அழிந்ததற்காக நாடெங்கும் குரல்கொடுத்தவர்களே இப்போது மறைக்கோப்புகளை வைத்திருந்தனர். அவ்வமைச்சரவையைத் தாங்கிப் பேசியவருள் சோரெசும் ஒருவர். திரேபசுவிற்காகவே 1898 இல் தோன்றிய மாந்தவுரிமைக் கழகத்தின் தலைமையும் அதனைக் கண்டிக்கத் தயங்கிற்று. உறுப்பினர் சிலர் வெறுத்து விலகினர். ஒருமுறை உண்மையின் பக்கம் நின்றோம் என்பது வாழ்நாள் முழுதும் செல்லும் சீட்டாகாது. ஒவ்வொரு வழக்கிலும் சான்றைப் புதிதாய் எடைபோடல் வேண்டும்.

இது நூற்றாண்டிற்கு முந்தைய கதை என்று தள்ளிவிடவும் இயலாது. அமெரிக்க நாட்டில் தேர்தல்தோறும் நடத்தப்படும் ஆய்வுகள் இதனை எண்ணிற் காட்டுகின்றன. 1980 இல் அந்நாட்டில் ஆண்டு விலையேற்றம் 13.5 விழுக்காடாய் இருந்தது. குடியரசுக் கட்சியின் இரீகன் ஆட்சி முடியும் 1988 இல் அது 4.1 விழுக்காடு. அவ்வாண்டு மக்களிடம் கேட்டபோது, மக்களாட்சிக் கட்சியின் உறுதியான பற்றாளருள் பாதிக்கு மேற்பட்டோர் விலையேற்றம் இரீகன் காலத்தில் மோசமாகிவிட்டது என்றனர். பின்னர் மக்களாட்சிக் கட்சியின் கிளிண்டன் ஆண்டார். அவரது முதல் நான்காண்டுக் காலத்தில் நடுவணரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை பாதிக்கும் கீழே குறைந்தது. 1996 இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினர் பலர் அது கூடிவிட்டது என்றனர். விலை என்பது நாள்தோறும் கடையில் காசெண்ணிக் கொடுத்து அறியும் பொருள். அங்கும் கண்ணை மறைக்கும் வலிமை கட்சிப்பற்றிற்கு உண்டு. அவ்வலிமை இரு கட்சிக்கும் பொது.

கணக்கறிவு இதற்கு மருந்தாகுமா என்று இயேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கேகனும் உடனாய்வாளரும் 1,111 பேரிடம் ஆய்ந்து 2013 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அவர்கள் தந்த கணக்கு இது: ஒரு தோல்மருந்தைப் பூசியவருள் 223 பேர்க்கு நோய் தணிந்தது, 75 பேர்க்கு முற்றிற்று, பூசாதவருள் 107 பேர்க்குத் தணிந்தது, 21 பேர்க்கு முற்றிற்று. மருந்து நல்லதா? 223 என்னும் பெரிய எண்ணைக் கண்டு நல்லதென்பார் பலர். ஆனால் பூசியவருள் முற்றியவர் ஒருவர்க்குத் தணிந்தவர் மூவர். பூசாதவருள் முற்றியவர் ஒருவர்க்குத் தணிந்தவர் ஐவர். ஆகவே பூசாமையே நன்று. கணக்கறிவு மிக்கவர் இதனைச் சரியாகக் கண்டனர். பின்னர் அதே எண்களைக் கைத்துமுக்கி என்னும் சுடுகருவியைப் பொதுவிடத்தில் மறைத்து எடுத்துச்செல்லத் தடைவிதித்த நகரங்களில் குற்றம் கூடிற்றா, குறைந்ததா என்னும் கணக்காக மாற்றித் தந்தனர். உடனே விடைகள் கட்சிவாரியாய்ப் பிரிந்தன. கணக்கறிவு மிக்கவரிடத்தில் அப்பிளவு குறையவில்லை, கூடுதலாயிற்று. தம் பக்கத்திற்கு வேண்டாத விடை முதற்பார்வைக்குத் தோன்றினால் அவர்கள் தம் கணக்கறிவைக் கொண்டு துருவினர்; வேண்டிய விடை தோன்றினால் துருவாது விட்டனர்.

இவ்வாய்வை வேறு சிலர் பின்னர்ச் செய்து பார்த்தபோது, கட்சிச்சார்பு தென்பட்ட இடங்களிலும் கணக்கறிவால் பிளவு கூடும் என்னும் பகுதி ஒரே அளவில் மீண்டும் கிட்டவில்லை. அதனையும் இங்குச் சொல்லுதல் முறை. ஏனெனில் தனக்கு உகந்த ஆய்வை மட்டும் எடுத்து உகவாததை மறைத்தலே இக்கட்டுரை பழிக்கும் நோய். கற்றவர்க்கு நோய் மிகும் என்பது ஐயத்திற்குரியதாகலாம். கற்றவர் நோயினின்று தப்பிவிடுவர் என்பதற்கோ திரேபசு வழக்கே மறுப்பாய் நிற்கின்றது.

இந்நிலை ஏன் உண்டாகின்றது? கொள்வதற்கு ஒரு படியும் கொடுப்பதற்கு ஒரு படியும் வைத்திருக்கும் வணிகனைப் போல, மாந்தவுள்ளம் இருவகைப் படிகளை வைத்திருக்கின்றது. தன் பக்கத்திற்கு நலந்தரும் செய்தி வந்தால் சிறுபடியால் அளக்கின்றது. ஓர் இதழில் வந்தது போதும், ஒருவர் சொன்னது போதும். மாற்றார்க்கு நலந்தரும் செய்தி வந்தால் பெரும்படியை எடுக்கின்றது. எழுதியவன் யார், அவனுக்குப் பணம் தந்தவன் யார், கணக்கில் எங்கே ஓட்டை என்று கேட்கின்றது. அவ்வினாக்களில் பிழை இல்லை. ஒருபுறத்திற்கு மட்டும் கேட்பதில்தான் பிழை. அதனால்தான் தன்னைத் தான் ஏமாற்றிக்கொள்வதை அவ்வணிகன் அறிவதில்லை. அவன் கையில் எப்போதும் ஒரு படி இருக்கின்றது, அளந்துகொண்டேயும் இருக்கின்றான்.

மற்றொரு கரணியமும் உண்டு. அதற்குக் கட்சி என்பது கூடு என்னும் பழம்பொருளையே நோக்குதல் வேண்டும். தொலைவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் தவறாக எண்ணுவதால் எளிய குடிமகனுக்கு நாளை விடிந்ததும் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் தன் கூட்டத்தார் அனைவரும் ஆம் என்பதை அவன் இல்லை என்றால், மாலையில் உடன் அமர்ந்து பேசுவார் இலர். திருமணத்திற்கு வருவார் இலர். அவன் விலைபோய்விட்டான் என்னும் பழியும் வரும். பிழையின் விலை ஊர்மேல் விழுகின்றது. உண்மையின் விலை ஒருவன்மேல் விழுகின்றது. இந்நிலையில் பலர் உண்மையை அறியாதவர் அல்லர், அறிய விரும்பாதவர். அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2015 இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன: சரியான விடைக்குச் சிறு தொகை தரப்படும் என்று சொன்ன அளவில், கட்சிக்காரர் தந்த விடைகளுக்கிடையே இருந்த பிளவு பெரிதும் சுருங்கிற்று. தெரியாது என்று ஒப்புவதற்கும் தொகை உண்டு என்றபோது இன்னும் சுருங்கிற்று. வாய் முழங்கியது ஒன்று, உள்ளம் ஐயுற்றது வேறொன்று. அவர்கள் விடை சொல்லவில்லை, கொடி அசைத்தனர்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். போராடும் கூட்டத்திற்குப் பற்றுறுதி வேண்டாவா? ஒவ்வொரு செய்தியையும் துலைக்கோலில் ஏற்றிக்கொண்டிருந்தால் படை முன்னேறுவது எப்போது? பிரஞ்சுப் படைத்தலைவர்கள் சொன்னதும் இதுவே: படையின் மதிப்பைக் காக்கவேண்டும்; அதற்காக ஒருவன் துன்புறினும் துன்புறுக. ஆனால் அவர்கள் காத்தது எதனை? குற்றமற்றவன் தீவில் இருந்தபோது, நாட்டை விற்றவன் பிரஞ்சுப் படையின் உடையணிந்து பாரிசுத் தெருக்களில் உலவினான். அவனைக் கண்டுபிடித்த திறமையாளரைப் படையே வெளியேற்றிற்று. உளவுத்துறை பொய்மடல் செய்யும் பட்டறையாயிற்று. பகைவனிடமிருந்து காக்கவேண்டிய படை, தன் பொய்யை உண்மையிடமிருந்து காத்துக்கொள்வதில் தன் ஆற்றலை இழந்தது. பொய்யால் பேணப்பட்ட மதிப்பிற்கு நேர்ந்தது இது. பற்று உள்ளவனுக்கே உண்மை மிகுதியாய் வேண்டும். தன் வீட்டின் கூரை ஒழுகுவதை முதலில் அறியவேண்டியவன் அவ்வீட்டில் வாழ்பவனே.

நடுவுநிலைமை என்பதைப் பலர் இரு கட்சிக்கும் இடையே உள்ள வரப்பில் நிற்றல் என்று கருதுகின்றனர். அதுவும் பிழை. இருவர் கூற்றில் ஒன்று மெய்யாகவும் மற்றொன்று பொய்யாகவும் இருக்கும்போது இரண்டிற்கும் பாதிப்பாதி தருதல் பொய்க்குச் செய்யும் உதவி. இரென் நகரத்துத் தீர்ப்பு அத்தகையது. திருக்குறளில் நடுவுநிலைமை 12 ஆம் இயலாகவும் அறிவுடைமை 43 ஆம் இயலாகவும் வைக்கப்பட்டுள்ளன. முன்னதற்குத் துலைக்கோலை உவமை காட்டிய வள்ளுவர் பின்னதில் சொல்பவர் யார் என்பதை விடுத்துச் சொல்லப்பட்டதன் மெய்ம்மையை நோக்கச் சொன்னார். துலைக்கோல் எத்தட்டின் பக்கமும் முன்னரே சாய்வதில்லை. ஆனால் எடை விழுந்தபின் சாயாமலும் நிற்பதில்லை. அவ்விரண்டும் சேர்ந்ததே நடுவுநிலைமை.

இந்நோய்க்குக் கைம்மருந்து சில உண்டு. ஒரு செய்தி மகிழ்ச்சி தரும்போது, அதில் உள்ள பெயர்களை இடமாற்றிப் படித்துப் பார்த்தல் ஒன்று. இதே செயலை மாற்றுக்கட்சியார் செய்ததாக, இதே அளவு சான்றுடன் எழுதியிருந்தால் நம்பப்பட்டிருக்குமா, பொறுக்கப்பட்டிருக்குமா என்று வினவுக. நிகழ்ந்தது யாது என்னும் வினாவையும் செய்யத்தக்கது யாது என்னும் வினாவையும் பிரித்துவைத்தல் இரண்டு. விலையேற்றம் குறைந்தது என்று ஒப்புவதால் அவ்வாட்சிக்கு ஒப்போலை அளிக்கவேண்டிய கடன் ஒருவனுக்கு வந்துவிடாது. குறைந்ததை ஒப்பிக்கொண்டே அவ்வாட்சியை வேறு பத்துக் கரணியங்களுக்காக எதிர்க்கலாம். எது காட்டப்பட்டால் இக்கருத்தைக் கைவிடலாம் என்று முன்னரே குறித்துக்கொள்ளுதல் மூன்று. எது காட்டினும் கைவிடுவதற்கில்லை என்று உள்ளம் விடைசொல்லுமாயின், அங்கே இருப்பது கருத்தன்று, கட்சிச்சின்னம் என்று தெளிக.

இவற்றினும் மேலான ஒன்று கூட்டத்தின் கையில் உள்ளது. உள்ளிருந்து ஐயம் எழுப்புபவனை இரண்டகன் என்று விரட்டும் கூட்டம் தன் கண்களைத் தானே பிடுங்கிக்கொள்கின்றது. பிக்கார் போன்றவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பர். இருவர் மூவராக, பேசாமல் இருப்பர். அவர்கள் பேசுமாறு இடந்தருவதா, துனீசியாவிற்கு அனுப்புவதா என்பதைப் பொறுத்தே அக்கூட்டத்தின் வாழ்வு அமையும். பிரஞ்சு நாட்டில் திரேபசு மீண்டும் படையுடை அணிந்த அதே 1906 ஆம் ஆண்டில், சிறைப்பட்டுப் பதவியிழந்த பிக்கார் அந்நாட்டின் படைத்துறை அமைச்சரானார். எல்லார்க்கும் அவ்வாறு காலம் திரும்புவதில்லை. தீவில் கழிந்த நான்காண்டுகளைத் திரேபசுவிற்கு எவரும் திருப்பித் தரவும் இல்லை.

அந்தப் பட்டியல்தாள் பன்னிரண்டாண்டும் மாறவில்லை. அதன்மேல் இருந்த மையும் எழுத்தின் வளைவும் முதல்நாள் இருந்தபடியே இருந்தன. எவர் வேண்டுமாயினும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்தவர் மிகச் சிலர். கூட்டைக் காப்பதற்காகக் கண்ணை மூடியவர் பலர். கட்சி வேண்டும், கட்சிக்குள் இருந்துகொண்டே விளக்கை ஏற்றித் தாளை உயர்த்திப் பார்க்கும் கையும் வேண்டும், பார்த்தபின் கண்டதைச் சொல்லும் வாயும் வேண்டும். அக்கையையும் வாயையும் உடையவர் ஒவ்வொரு கூட்டத்திலும் பெருகுக!